என் மகளைத் தரையிறக்கித் தந்த முருகன்

என் மகள் வானத்தில் இருந்தாள். எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. கீழே ரேடியோ அறையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அறையின் வாசலில் நான் நின்றிருந்தேன். 2008-ஆம் வருஷம், விஜயதசமி காலை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கையாலாகாத நிலையை அதற்கு முன் நான் கண்டதில்லை. பெற்றவன் கீழே நிற்கிறேன், பிள்ளை மேலே தவிக்கிறாள், நடுவில் வெறும் காற்றுதான் இருக்கிறது.

முருகனடியார்களே, நம் கிருத்திகை வழிபாட்டில் எத்தனையோ பேர் தங்கள் அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசாதம் எப்போது வரும் என்று எட்டிப் பார்க்கிற ஆள். என்னைப் போய் எழுதச் சொன்னால் என்ன எழுதுவது என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளினால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன் என்று என் மனைவி செல்வி சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகம். கோவில்பட்டிக்காரன். பிழைப்புக்காக ஓசூர் வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவன், இங்கேயே வேர் விட்டுவிட்டேன். ஒரே பெண், கார்த்திகா. ஜூஜுவாடி தாண்டி பெங்களூர் போகிற விமானங்களைச் சின்ன வயதிலேயே மொட்டை மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். டாக்டர் ஆகு, இன்ஜினீயர் ஆகு என்று ஊரே சொல்ல, அவள் பைலட் ஆகப் போகிறேன் என்றாள். பிரஸ் ஷாப்காரன் மகளுக்கு விமானமா என்று என் மச்சினன் கேலி செய்தான். எப்படியோ சூளகிரி தாண்டி உள்ளே இருந்த ஒரு சிறிய பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது தனிக்கதை, அதுவும் அவன் அருள்தான். ராகி வயல்களுக்கு நடுவில் ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானங்கள். பார்த்தால் நம் பஜாஜ் ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் விளங்காது.

அந்த வகுப்பை நடத்தியவர் ரேவதி. ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளியின் ரேடியோ அறையில் வேலை. பறக்கிறவர்களோடு கீழேயிருந்து பேசுகிற குரல் அவருடையது. அவருடைய கணவரும் இதே பள்ளியில் பைலட். சின்ன விமானத்தில் போய் இறந்தவர். மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இழுவை போய்விட்டது. எதிரே பரந்த வயல் இருந்தது. நேராகப் போய் அதில் இறக்கியிருந்தால் விமானம் உடைந்திருக்கும், ஆள் பிழைத்திருப்பார். அவர் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று தாழ்வான உயரத்தில் வளைத்தார். வளைக்கும்போது வேகம் போதாமல் விழுந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்களாம், நல்ல மனுஷன் என்றார்களாம். என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. ரேவதி தானே போய், பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் நாகராஜிடம் கேட்டார். கேப்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரேவதி இரண்டு விஷயம் கேட்டாராம்: ரேடியோ அறையில் ஒரு வேலை, வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர்களோடு பேச அனுமதி. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சின்ன விமானத்தில் போய் இறந்த ஒருவரின் கதையை எடுத்து, அவர் எங்கே தவறினார் என்று பேசுவார். முதல் பாடம் எப்போதும் தன் கணவருடையது.

கார்த்திகா வீட்டுக்கு வந்து இவற்றையெல்லாம் சாப்பிடும்போது சொல்வாள். தங்கை கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று மேகத்துக்குள் நுழைந்தவர். எண்ணெய் இருக்கிறது என்று முள்ளை நம்பி, டேங்கைத் திறந்து பார்க்காமல் கிளம்பியவர். சொந்த ஊர் மேலே தாழப் பறந்து சொந்தக்காரர்களுக்குக் கை காட்டப் போய் மின்கம்பியில் மாட்டியவர். இந்தக் கடைசிக் கதையை அவள் சொன்னபோது செல்வி வாயை மூடிக்கொண்டாள். ஏனென்றால் முந்தின வாரம்தான், நம் மொட்டை மாடி மேல ஒரு தடவை வந்துட்டுப் போயேன், துணி காயப்போட்டுக்கிட்டு நிப்பேன் என்று மகளைக் கெஞ்சியிருந்தாள்.

எங்களுக்கு அந்த வகுப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. செல்வி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, இது என்ன பாடம்? பிள்ளைய ஏத்தி அனுப்புத எடத்துல சாவப் பத்தியா பேசுவாங்க? வாயில நல்ல வார்த்தையே வராதா அந்தம்மாவுக்கு?"

எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் பிரஸ் ஷாப்பில் அப்படித்தான் பழகியிருந்தோம். ஒருமுறை மாரியப்பன் என்ற பையனுக்கு மெஷினில் விரல்கள் போயின. அடுத்த நாள் பூசணிக்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் கட்டினோம், மெஷினைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைத்தோம். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று ஆளாளுக்கு வாயைக் கட்டிக்கொண்டோம். பேசினால் திரும்ப நடக்கும் என்று ஒரு பயம்.

கார்த்திகாவிடம் ஒருநாள் கேட்டேன், அந்த வகுப்புக்குப் போகாமல் இருக்க முடியாதா என்று. அவள் சிரித்தாள். ரேவதி அக்கா எந்தக் கதையையும் எப்படி ஆரம்பிப்பார் தெரியுமா என்று கேட்டாள். "இவர் நல்ல பைலட், நம்மளவிட நல்லா ஓட்டினவர்" என்றுதான் ஆரம்பிப்பாராம். இறந்தவரை முட்டாள் என்று நினைத்துவிட்டால் நாம் முட்டாள் இல்லை என்ற தைரியம் வந்துவிடும், பிறகு எதுவும் மனதில் ஏறாது என்பாராம். அதைக் கேட்டபோது அந்தப் பெண்மேல் முதல்முறையாக எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜையைப் பள்ளியில் தடபுடலாகக் கொண்டாடினார்கள். மாணவர்களின் வீட்டார் எல்லாரும் போயிருந்தோம். விமானங்களை அலசிக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மூக்கில் மாலை போட்டு, உடம்பெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பார்க்கவே கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பொட்டு வைத்தோம். கண்ணாடியிலும் முன்னால் சுழலும் விசிறியிலும் வைத்ததை மட்டும் மெக்கானிக்குகள் சாயங்காலமே துடைத்துவிட்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல காரியம் தொடங்குகிற நாள். கார்த்திகா அதற்கு முன்பே சில தடவை தனியாக ஓட்டியிருந்தாள், ஆனால் ஓடுபாதையைச் சுற்றித்தான். முதல்முறையாகத் தளத்தை விட்டு வெளியே, கிருஷ்ணகிரி அணை வரை தனியாகப் போய் வருவதை அன்று வைத்துக்கொள்ளலாம் என்று செல்வி ஆசைப்பட்டாள். கேப்டனும் சரி என்றார். நானும் செல்வியும் பொங்கல் எடுத்துக்கொண்டு போனோம். சூளகிரி மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது, மற்றபடி வானம் தெளிவாகத்தான் இருந்தது.

கார்த்திகா விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். ஏறிப் போனாள். செல்வி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கந்தனைப் பாட ஆரம்பித்தாள். நான் பொங்கலைக் கொடுக்க ரேடியோ அறைக்குப் போனேன். ரேவதி காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். விமானம் ஓடி, எழும்பி, எங்கள் தலைக்கு மேலே போனது. எனக்கு நெஞ்சு விம்மியது. அந்த நேரத்தில்தான் அங்கிருந்த ரேடியோப் பெட்டியிலும் என் மகளின் குரல் வந்தது.

ரேடியோவில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது முறை. அவள் தமிழில் பேசினாள்.

"அக்கா, உயரம் காட்டுற முள்ளு அசையவே இல்ல. தரையில இருந்த மாதிரியே நிக்குது. வேகமும் கொறஞ்சுக்கிட்டே வருது. திரும்பி வந்துரட்டுமா?"

இதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு புரிய வைத்தார்கள். விமானத்தின் விலாவில் ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கும், அதில் ஊசித் துளை மாதிரி ஓட்டை. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே போனால்தான் முட்கள் உயரத்தையும் வேகத்தையும் சரியாகக் காட்டும். அந்த ஓட்டை அடைபட்டால் உயரத்தின் முள் தரையிலேயே நின்றுவிடும். வேகத்தின் முள், மேலே ஏற ஏறக் குறைத்துக் காட்டும். உண்மையில் விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருக்கும். ஓட்டுகிறவர் முள்ளை நம்பி, வேகம் போய்விட்டது என்று பயந்து மூக்கைக் கீழே அழுத்துவார், அல்லது பதறிப்போய்த் தாழ்வாக வளைத்துத் திரும்புவார். இரண்டிலும் ஆள்கள் போயிருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். திரும்பி வரட்டுமா என்று கேட்டதும் ரேவதியின் முகம் வெளுத்துவிட்டது. பேச வாயெடுத்தார், குரல் வரவில்லை. அவர் கணவர் திரும்பிய அதே இடம், அதே தாழ்வு. அந்தப் பெண் அப்படியே உறைந்துபோனார்.

அடியார்களே, நான் அவ்வளவு வருஷம் பாராயணம் செய்த ஒரு வரியும் அப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை. மனதுக்குள் இப்படித்தான் கேட்டேன்: முருகா, எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னால ஒண்ணும் ஆகாது. தெரிஞ்சவங்க வாயில நீ வந்து இரு.

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவும் இல்லை.

ரேவதி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு அவர் பேசிய குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதில் பதற்றமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சட்டியை இறக்கி வை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"கார்த்திகா, திரும்பாத. நேரா போ."

"வேகம் விழுதுக்கா."

"முள்ளுதான் விழுது. நீ விழல. எஞ்சின் சத்தம் எப்பவும் போலத்தான கேக்குது?"

"ஆமாக்கா."

"அப்ப மூக்க எப்பவும் வெக்கிற எடத்துலயே வை. கீழ அழுத்தாத. முள்ளப் பாக்க வேணாம், வெளிய பாரு. ஏறிக்கிட்டே போ."

இதற்குள் கேப்டன் நாகராஜ் கொட்டகையிலிருந்து ஓடி வந்துவிட்டார். மைக்கை வாங்கக் கையை நீட்டியவர், ரேவதி பேசுவதைக் கேட்டு நின்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "நீவே மாத்தாடி" என்று கன்னடத்தில் சொன்னார், நீங்களே பேசுங்கள் என்று. எத்தனையோ ஆயிரம் முறை பறந்த மனிதர், அந்த இடத்தில் ஒதுங்கி நிற்கத் தெரிந்தவராக இருந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. எஞ்சினை எவ்வளவு வைக்க வேண்டும், எங்கே வளைக்க வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, ரேவதி அதை என் மகளுக்குப் புரிகிற வார்த்தையில் மேலே அனுப்பினார்.

மகள் நல்ல உயரத்துக்குப் போய்விட்டாள் என்று வெளியே பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு ரேவதி கேட்டார்.

"காலைல சுத்திப் பாத்தியே, எடது பக்கம் வட்டத் தகடு, அதுல சந்தனம் இருந்துச்சா?"

பெட்டியில் அவள் குரல் வந்தது.

"இருந்துச்சுக்கா. குங்குமமும் இருந்துச்சு. விஜயதசமி அன்னைக்குக் குங்குமத்த அழிக்கக் கை வரல."

பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி வட்டமாக இருந்த தகடு அது. யாரோ பக்தியோடு வைத்திருக்கிறார்கள். என் மகளும் பக்தியோடு விட்டிருக்கிறாள். நம் வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் குளவி கூடு கட்டி அந்த ஓட்டையை அடைத்ததால் இறந்துபோன ஒருவரைப் பற்றி ரேவதி ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தாராம். அந்தக் கதையைக் கேட்டவள்தான் கார்த்திகாவும். ஆனால் குளவிக்கூடு என்றால் தட்டிவிட்டிருப்பாள். குங்குமம் என்றதும் கை நின்றுவிட்டது.

ரேவதி திட்டவில்லை. சரி, காரணம் தெரிஞ்சு போச்சு, இனிமே பயப்பட ஒண்ணும் இல்ல என்று மட்டும் சொன்னார். பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றி வரவைத்தார். மலைப் பக்கம் மேகம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போகாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டே வா என்றார். வெளியே செல்வியின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன், மகளின் குரல் வருகிற பெட்டியை விட்டுப் போக மனமில்லை.

விமானம் ஓடுபாதையை நோக்கி வந்தது. எனக்கே தெரிந்தது, ரொம்ப மேலே வருகிறாள் என்று. கார்த்திகா எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று மூக்கைச் சாய்த்தாள். கேப்டன் பல்லைக் கடித்தார்.

ரேவதி சொன்னார், "அவசரம் இல்ல கண்ணு. இது வேணாம். மேல போ, இன்னொரு சுத்து வா. எண்ணெய் இருக்கு, பகல் இருக்கு, நாங்க எங்கயும் போகப் போறது இல்ல."

விமானம் மறுபடி எழும்பி எங்கள் தலைக்கு மேலே போனது. கைக்கு வந்தது போகிறதே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு கார்த்திகா சொன்னாள், அந்த ஒரு வார்த்தைதான் தன்னைக் காப்பாற்றியது என்று. முதல் தடவையிலேயே இறக்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து ஓடுபாதை முடிவில் மோதியவர்களின் கதை அந்த வகுப்பில் நிறைய உண்டாம்.

இரண்டாவது முறை சரியாக வந்தாள். ஒரு துள்ளு துள்ளி, இன்னொரு துள்ளு துள்ளி, சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டது. நான் முருகா என்று கத்தியதாகச் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை. தூக்குவாளி கீழே விழுந்து பொங்கல் எல்லாம் தரையில் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. செல்வி ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னதும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கேப்டன் நேராக விமானத்துக்குப் போனார். தன் கைக்குட்டையால் அந்தத் தகட்டை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையில் ஒட்டிய குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பொட்டு வைத்தது யார் என்று ஒருவர் ஆரம்பித்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். யார் என்று தேடினால் ஒரு ஆள் கிடைப்பார், எப்படி என்று தேடினால்தான் அடுத்த உயிர் பிழைக்கும் என்றார். இன்று வரை அது யார் என்று யாருக்கும் தெரியாது. அது நானாகக்கூட இருக்கலாம்.

இந்த ஒரு வருஷத்தில் நான் மாறியிருக்கிறேன். எங்கள் பிரஸ் ஷாப்பில் இப்போது திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்தி, முன்பு நடந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். முதலில் மாரியப்பனிடம் அனுமதி கேட்டேன். சொல்லுங்க அண்ணாச்சி, நானே வந்து சொல்றேன் என்றான். அவன் மெஷினின் சென்சார் கண்ணில் பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்திருக்கிறது, கை உள்ளே போனதை அது பார்க்கவே இல்லை. இத்தனை நாள் யாரும் கேட்காததால் அவனும் சொல்லவில்லை. இந்த ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்தோம், எங்கே வைக்கலாம் என்று பார்த்து வைத்தோம். பக்தி குறைந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். கூடியிருக்கிறது என்று சொன்னேன்.

ஆனால் என் மனதில் அந்த விஜயதசமியைவிட ஆழமாக நிற்பது அதற்கு அடுத்த சனிக்கிழமைதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் எனக்கும் செல்விக்கும் வேறு கவலை வந்துவிட்டது. நடந்தது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? வயசுப் பெண். விமானத்தை ஓட்டத் தெரியாதவள் என்று பேசுவார்கள். நாளைக்கு வரன் பார்க்கிற இடத்தில் கேட்பார்கள். நான் ரேவதியைப் பார்க்கப் போனேன். நீங்கள் தெய்வம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை, ஆனால் இதை மட்டும் அந்த வகுப்பில் பேசாமல் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இது உங்க பொண்ணு கதைங்கண்ணா. சொல்றதும் விடறதும் அவ இஷ்டம். அவளக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். கார்த்திகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, அந்தக் குளவிக்கூடு கதைய அவங்க வீட்டு ஆளுங்க மறைச்சிருந்தா, அக்காவுக்கு அந்தத் தகடு ஞாபகம் வந்திருக்குமா?" என்றாள்.

சனிக்கிழமை நானும் செல்வியும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். அறை நிறையப் பிள்ளைகள். என் மகள் எழுந்து முன்னால் போனாள். எதையும் மறைக்கவில்லை. பொட்டைப் பார்த்தேன், அதைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், துடைக்கவில்லை என்று ஆரம்பித்தாள். திரும்பிவிடலாம் என்று கை எந்தப் பக்கம் போனது, எப்போது பயந்தாள், முதல் தடவை ஏன் உயரமாக வந்தாள், எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். ஒரு பையன் கொஞ்சம் கடுமையாகவே கேட்டான். அதற்கும் பதில் சொன்னாள். வெட்கப்படப் போகிறோம் என்று நினைத்துப் போன எனக்கு, இவள் என் மகள் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவள் முடித்ததும் ரேவதி பேச எழுந்தார். எந்தக் கதை முடிந்தாலும் அவர்தான் கடைசியில் பாடத்தைச் சொல்வது வழக்கம். அன்று அவர் பாடம் எதுவும் சொல்லவில்லை.

"இத்தன வருசமா இந்த ரூம்ல நான் சொன்ன கதை எல்லாம், சொல்ல வேண்டியவங்க இல்லாததால நான் சொன்னது" என்றார். "ஓட்டினவங்களே வந்து சொல்றது இன்னைக்குத்தான் மொதல் தடவ."

வந்து எங்கள் பெஞ்சில், செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவரின் கதையைக் கலங்காமல் வருஷக்கணக்காகச் சொன்ன அந்தப் பெண் அன்று வாய்விட்டு அழுதார். செல்வி அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். நானும் அழுதேன்.

அடியார்களே, கஷ்டம் வந்தால் அவனிடம் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் தெரியவில்லை. பதில் எந்த வாயிலிருந்து வரும் என்று மட்டும் நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். நாம் காதைப் பொத்திக்கொள்கிற பேச்சிலிருந்துகூட அது வரும். என் பிள்ளை உயிரோடு என் முன்னால் நின்று தன் கதையைத் தானே சொன்னாள். அதைக் காது குளிரக் கேட்டவன் நான், என்னை நம்புங்கள்.